பார்த்துப் போடு!

கதை கட்டுவது என் பிழைப்பு. அதில் எனக்குப் போட்டியாக எம்.எஸ்ஸி. மாணவர்களைத் தயார் செய்வதை நான் ஆட்சேபிக்கிறேன்.

தெரிந்த பெண் ஒருத்தி, விலங்கியல் மாணவி. ஆய்வேட்டுக்காக நான்கு மாதம் கொசுப்புழுக்களை எண்ணினாள். ஓர் இலைச்சாறு அவற்றைக் கொல்லுமா என்பது கேள்வி. கொல்லவில்லை. சாறு விட்ட கிண்ணத்திலும் வெறும் தண்ணீரிலும் புழுக்கள் ஒரே மாதிரி நெளிந்தன. அதையே எழுதிக்கொண்டு போனாள். "எண்களைக் கொஞ்சம் பார்த்துப் போடம்மா" என்றாராம் பேராசிரியர். பார்த்துப் போடு! என்ன நாசூக்கான தமிழ்! அவள் போடவில்லை. வைவாவில் வெளித் தேர்வாளர் குடைந்து குடைந்து கேட்டார்; புழு எந்தப் பருவம், சாறு எத்தனை நாள் பழையது என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கண்ணால் பார்த்தவளாயிற்றே! மதிப்பெண் மட்டும் குறைந்தது. சக மாணவர்களின் புழுக்களோ சொல்லி வைத்தாற்போல் செத்திருந்தன.

இருபதில் ஒன்று என்ற கணக்கை இவர்கள் லக்ஷ்மணன் கோடாக்கிவிட்டார்கள். 1925-இல் வந்த புத்தகத்தில் ஃபிஷர் அதைச் சௌகரியமான ஓர் எல்லை என்றுதான் சொன்னார்.

மெண்டலுக்கும் பலிக்காமல் போனதுண்டு. பட்டாணியில் கண்ட விதி ஹைராசியம் என்ற பூச்செடியில் பொய்த்தது. 1869-இல் புரூன் நகரச் சங்கத்தில் அதை அப்படியே வாசித்தார். அந்தச் செடி பெரும்பாலும் கருவுறாமலே விதை வைக்கும் என்பது பிற்பாடுதான் தெரிய வந்தது.

அவரும் பார்த்துப் போட்டிருக்கலாம். பேராசிரியர்களே, "பலிக்கவில்லை" என்று முடிகிற ஆய்வேட்டுக்கும் முழு மதிப்பெண் போடுங்கள். புளுகுவதற்கு நாங்கள் போதும்.