தோளில் தொங்குவது ஒரு மாதச் சம்பளம்

பிள்ளைக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுத்த அப்பா அம்மாவிடம் ஒரு கேள்வி. அந்தக் கிட்டாரைப் பிள்ளையின் தோளில் தாங்கிக்கொண்டிருப்பது எது தெரியுமா? ஸ்ட்ராப் முனையில் உள்ள தோல் துண்டில் போட்ட ஓர் ஓட்டை. சட்டைக்குப் பொத்தான் மாட்டுவதுபோல, அந்த ஓட்டையைக் கிட்டாரின் ஓரத்தில் இருக்கும் சின்ன உலோகக் குமிழில் மாட்டிவிடுகிறோம். அவ்வளவுதான். மூன்று நான்கு கிலோ எடை அதில்தான் தொங்குகிறது.

புது ஸ்ட்ராப்பில் அந்த ஓட்டை இறுக்கமாக இருக்கும். மாட்டுவதற்கே விரல் வலிக்கும். நம்முடைய வெயிலிலும் வியர்வையிலும் சில மாதங்கள் போனால் தோல் இளகி, தானாகவே குமிழில் ஏறி இறங்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிட்டார் நேராகத் தொங்கும்வரை அதன் எடையே ஸ்ட்ராப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வாசிப்பவர் குனிந்து பெடலை மிதிக்கும்போது, கிட்டாரைக் கையால் தூக்கும்போது, பாட்டுக்கு நடுவே சுழன்று திரும்பும்போது ஸ்ட்ராப் ஒரு நொடி தளரும். அந்த நொடியில்தான் கழன்றுவிடும். அதனால்தான் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும்போது விழாத கிட்டார், மேடையில் விழுகிறது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கோயில் திருவிழாக் கலை இரவுகளுக்கு அறிவிப்பாளராகப் போகும்போது, மேடை ஓரத்தில் நின்றபடி இதைப் பார்த்திருக்கிறேன். ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில், குத்துப்பாட்டு உச்சத்துக்குப் போன நேரம், பேஸ் கிட்டாரின் மேல்பக்க ஸ்ட்ராப் கழன்றது. அந்தத் தம்பி முழங்காலை மடக்கித் தாங்கிவிட்டார். கூட்டம் அதை நடன அசைவு என்று நினைத்துக் கைதட்டியது!

எல்லாருக்கும் அப்படி முழங்கால் வாய்க்காது. தோட்டத்துப் பேண்டில் ஒரு கிட்டார் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது குறைவு. அண்ணன் வாங்கியிருப்பார், தம்பி வாசிப்பார், தம்பி சிரம்பானுக்கு வேலைக்குப் போனதும் அடுத்த லயத்துப் பையன் இரவல் கேட்பான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. சுமாரான ஒரு பேஸும், ஒரு சின்ன ஆம்ப்பும் வாங்கினாலே அந்தப் பணம் கரைந்துவிடும். அது சிமெண்டுத் தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்பது கிட்டாரின் வகையைப் பொறுத்தது. ஃபெண்டர் பாணிக் கிட்டாரில், கம்பியை முறுக்கும் சாவிகள் இருக்கும் தலைப்பகுதி கழுத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அதனால் பெரும்பாலும் பெயிண்ட் பெயர்வதோடு தப்பித்துவிடும். கிப்ஸன் பாணியில் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். அது கழுத்தோடு சேரும் இடத்தில் மரம் மெல்லியது. உள்ளே இரும்புக் கம்பியைத் திருகுவதற்காகக் குடைந்தும் இருப்பார்கள். மல்லாந்து விழுந்தால் அங்கேதான் பிளக்கும். விலை குறைந்த எபிஃபோனுக்கும் இதே கதைதான்.

சரி, பூட்டுக்கு வருவோம். உலகத்திலேயே மலிவான ஸ்ட்ராப் பூட்டு ஒரு ரப்பர் வளையம். நெதர்லாந்தின் க்ரோல்ஷ் பியர் பாட்டிலில், கம்பியால் அழுத்தி மூடும் மூடிக்கு அடியில் ஒரு தடித்த ரப்பர் வளையம் இருக்கும். முதலில் ஸ்ட்ராப்பைக் குமிழில் மாட்டி, அதன் மேல் அந்த வளையத்தை இழுத்து மாட்டிவிட்டால் ஸ்ட்ராப் வெளியே வராது. மேல்நாட்டுக் கலைஞர்கள் பல காலமாகச் செய்யும் வேலை இது. பிறகு ஃபெண்டர் கம்பெனியே அதேமாதிரி ரப்பர் துண்டுகளைப் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தது. தாத்தாவும் பாட்டியும் கித்தா மரம் சீவிய மண்ணில் இருந்துகொண்டு, ரப்பர் வளையத்துக்காக நாம் ஏன் பியர் பாட்டிலைத் தேட வேண்டும்? ஹார்ட்வேர் கடையில் குழாய்க்குப் போடும் தடித்த ரப்பர் வாஷர் கிடைக்கும். அதன் ஓட்டை குமிழின் தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், இழுத்தால் விரிய வேண்டும். வெடித்துப்போன வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள். வீட்டில் பழகும் பிள்ளைக்கு இது தாராளமாகப் போதும். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள விலை உயர்ந்த கிட்டார் என்றால் மட்டும் கவனம், ரப்பர் பட்ட இடத்தில் கறை விழலாம்.

மாதத்துக்கு நான்கு மேடை ஏறுபவருக்கு இரண்டு துண்டு உலோகப் பூட்டுதான் சரி. ஒரு துண்டு கிட்டாரில் பழைய குமிழின் இடத்தில் திருகப்படும், மற்றது ஸ்ட்ராப்பில். இதில் இரண்டு பெயர்கள் பிரபலம். ஜெர்மனியின் ஷாலர் பூட்டில், ஸ்ட்ராப்பில் இருக்கும் துண்டு குதிரை லாடம்போல வளைந்து குமிழைச் சுற்றிக்கொள்ளும், நடுவில் ஸ்பிரிங் வைத்த முள் ஒன்று உள்ளே இறங்கும். பழைய மாடலில் ஒரு குறை உண்டு. ஸ்ட்ராப்பில் அதைப் பிடித்திருக்கும் நட்டு, மேடை அதிர்வில் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். எஸ்-லாக் என்ற புது மாடலில் அந்த நட்டையே இறுக்கிப் பிடிக்க ஒரு பொடித் திருகு வைத்திருக்கிறார்கள், ஆலன் கீயால் முடுக்க வேண்டும். அமெரிக்காவின் டன்லப் வேறு மாதிரி. பட்டனை அழுத்திக் குமிழுக்குள் செருகினால், சின்ன இரும்புக் குண்டுகள் உள்ளே பிடித்துக்கொள்ளும். மாட்டுவதும் கழற்றுவதும் சுலபம். ஸ்ட்ராப்பில் அந்தத் துண்டை நிறுத்தி வைப்பது ஒரு மெல்லிய வளையக் கிளிப்தான், அது பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டன்லப்பிலேயே மரத்துக்குள் புதைத்து வைக்கும் வகையும் இருக்கிறது. அதற்குப் பெரிய துளை போட வேண்டும் என்பதால் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

எனக்கு பேஸுக்கு ஷாலர், கிட்டாருக்கு எது கிடைத்தாலும் சரி. பேஸ் கனம் அதிகம், ஷாலரின் லாட வளைவு எடையைத் தானே வாங்கிக்கொள்கிறது, முள்ளை மட்டும் நம்பி இல்லை.

இணையக் கடைகளில் அசலைப் பார்த்துச் செய்த பூட்டு சில ரிங்கிட்டுக்கே கிடைக்கிறது. அதை வாங்குவதற்கு பதில் ரப்பர் வளையமே மேல். வளையம் கிழியப்போவது கண்ணுக்குத் தெரியும். மட்டமான இரும்பு உள்ளுக்குள் தேய்வது தெரியாது.

பூட்டைவிட முக்கியம், அது திருகப்படும் மரம். எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும், துளை தளர்ந்துபோன மரத்தில் திருகினால் பூட்டோடு சேர்ந்து திருகும் பிடுங்கிக்கொண்டு வரும். பழைய கிட்டார் வாங்கியவர்கள் முதலில் குமிழை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பல்குத்தும் குச்சி இரண்டு மூன்றை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, மட்டமாக வெட்டி, ஓர் இரவு காயவிட்டுத் திருகுங்கள். சாத்தே குச்சியைச் சீவிப் போட்டாலும் பிடிக்கும். (சாத்தே சாப்பிட ஒரு சாக்கு!) திருகில் கொஞ்சம் மெழுகுவர்த்தி தேய்த்தால் மரம் பிளக்காமல் இறங்கும். பழைய திருகின் தலை பெரியதாக இருந்தால் அதைப் புதுப் பூட்டில் போடாதீர்கள். தலை துருத்தி நின்றால் முள் முழுதாக இறங்காது. பூட்டியதுபோல இருக்கும், பூட்டியிருக்காது.

எடி வான் ஹேலன் ஆரம்ப நாட்களில் தன் கோடு போட்ட கிட்டாரில் ஹார்ட்வேர் கடை வளையத் திருகுகளை முடுக்கி, ஸ்ட்ராப்பைக் கொக்கியால் மாட்டியிருந்தார். அழகு என்று யாரும் சொல்ல முடியாது, கிட்டார் விழவில்லை. நம் பையன்களும் கேபிள் டையை வைத்து என்னென்னவோ செய்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை, மேடை ஏறுமுன் இழுத்துப் பார்த்தால் சரி. எந்தப் பூட்டானாலும் முதல் சோதனை மெத்தைக்கு மேல்தான்: மாட்டியபின், பட்டனைத் தொடாமல் இரு முனையையும் நன்றாக இழுங்கள். இன்னொரு இலவச யோசனை, ஆம்ப்புக்குப் போகும் கேபிளைக் கிட்டாரில் செருகுமுன் ஸ்ட்ராப்புக்கும் கிட்டார் உடம்புக்கும் இடையில் கொடுத்து எடுங்கள். யாராவது காலால் மிதித்தாலும் ஜாக் பிடுங்கிக்கொள்ளாது.

ஆளுக்கு ஆள் கிட்டார் மாற்றிக்கொள்ளும் பேண்டுகள் கடைக்குப் போகுமுன் கூடிப் பேசி ஒரே கம்பெனியை முடிவு செய்யுங்கள். ஷாலர் குமிழில் டன்லப் பூட்டு சேராது. ஒரே வகை என்றால், எல்லாக் கிட்டாருக்கும் அந்தக் கம்பெனிக் குமிழை மட்டும் கூடுதலாக வாங்கிப் போட்டு, இருக்கிற ஸ்ட்ராப்புகளை யாரும் எதிலும் மாட்டலாம். கழற்றிய பழைய குமிழ்களையும் திருகுகளையும் ஓர் உறையில் போட்டுக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். கிட்டாரை விற்கும் நாளில் வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.