மிஸ் கோல் கொடுப்பதை முதலில் நிறுத்துவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் ஆள் இருக்கின்ற வீட்டார் கட்டாயம் கடைசி வரைக்கும் வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம்.

"உம்மாவோடு பிள்ளை கதைச்சு எவ்வளவு நாள்?" என்று ஸ்கூலில் ஆசிரியர்கள் நாங்கள் கேட்டால், பாதுகாவலர்களிடமிருந்து வருகின்ற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கச் செலவு கூட சேர். அவதான் எடுக்கோணும்."

செலவு கூட என்பது ஒரு காலத்தில் உண்மை. 2002 ஆகஸ்ட் வரைக்கும் இந்த நாட்டில் வெளிநாட்டுத் தொலைபேசி வழி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. கொமினிகேஷன் கடையில் வரிசையில் நின்று, சுவரில் உள்ள மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, "சுகமா, சுகம், காசு கிடைச்சிச்சு, வைக்கிறன்" என்று வைத்த காலம் அது. அந்தக் காசும் இல்லாதவர்கள் கெசட்டில் குரலைப் பதிந்து, போகின்றவர்களிடம் கொடுத்து அனுப்பினார்கள். 2003 இல் வேறு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்த பிறகுதான் கட்டணம் இறங்கியது. பிறகு ஸ்மார்ட் போன் வந்தது, இமோ வந்தது, வட்ஸ்அப் வந்தது. இருபது வருடத்துக்கு முந்திய காரணத்தை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

கணக்கைப் பார்ப்போம். வட்ஸ்அப்பில் குரல் அழைப்புக்கு ஒரு நிமிடத்துக்கு ஒரு எம்பி கூடச் செலவாகாது. ஒரு ஜிபி டேட்டா இருந்தால் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் பேசலாம். வீடியோ என்றால் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும், அது வேறு கதை. செட்டிங்கில் "அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா" என்று ஒன்று இருக்கிறது. அதைத் தட்டி வைத்தால் இன்னும் குறையும். வீட்டில் உள்ள மகனார் ஒரு இரவில் டிக்டொக் பார்த்து முடிக்கின்ற டேட்டாவில் உம்மா ஒரு மாதம் பேசுவா. அப்படியிருக்க, அவவுக்கு மட்டும் "டேட்டா முடிஞ்சு" என்று சொல்வதற்கு நமக்கு எப்படி மனம் வருகிறது?

நம் ஊர்களில், மூதூரிலிருந்து பொத்துவில் வரைக்கும், ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. நாம் மிஸ் கோல் கொடுப்போம், அங்கே இருப்பவர் திருப்பி எடுக்க வேண்டும். உழைப்பவரும் அவர்தான், காசு அனுப்புபவரும் அவர்தான், பேசுவதற்கும் அவரே கட்ட வேண்டும். எப்போது மிஸ் கோல் போகிறது என்று பாருங்கள். வாடகை கட்ட வேண்டும், கடையில் கொப்பி தடித்துவிட்டது, பெருநாள் உடுப்பு எடுக்க வேண்டும், சீட்டு விழுகிறது. "நீ சாப்பிட்டியா மகள்?" என்று கேட்பதற்காக எத்தனை மிஸ் கோல் போயிருக்கிறது?

இந்த வழக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து ஒரு மணி அடித்துவிட்டு நின்றால், "நானாவோ தெரியா" என்று நம் வீட்டுப் பெண்கள் திருப்பி எடுக்கிறார்கள். அப்படி எடுக்க வைப்பதற்கென்றே அடிக்கின்ற மோசடிக் கூட்டம் இருக்கிறது, ரீலோட் அப்படியே கரைந்துவிடும். சவூதி 966, அமீரகம் 971, கட்டார் 974, குவைத் 965, ஓமான் 968, பஹ்ரைன் 973. உங்கள் ஆள் இருக்கின்ற நாட்டு இலக்கத்தைப் போனுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். வேறு இலக்கத்தில் அடித்தால் தொட வேண்டாம்.

டுபாய்க்காரர்களின் விடயம் தனி. அங்கே வட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் செய்தி அனுப்பலாம், கோல் மட்டும் போகாது. 2018 இல் போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளுக்கு மாதம் 50 திர்ஹம் அளவில் பேக்கேஜ் கொண்டுவந்தார்கள். வரியோடு 52.50. நம் காசில் நாலாயிரம் ரூபாவுக்கு மேல். பிறகு கோசெட் போன்ற, அனுமதியுள்ள இலவசச் செயலியும் வந்தது. ஆனால் இங்கே வீட்டில் அதை இறக்கச் சொன்னால் "போனில இடமில்ல, நீ வீபிஎன் போட்டு வட்ஸ்அப்பிலயே எடு" என்கிறார்கள். அமீரகத்தின் 2021 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்கச் சட்டம் தெரியுமா? இணைய முகவரியை மறைத்துக் குற்றமான காரியம் செய்தால் சிறை, அல்லது 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லோரையும் பிடிக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நம் போனில் நாலு கல்யாண வீடியோவை அழிக்கச் சோம்பல் பட்டு, அங்கே ட்ரைவர் வேலை பார்க்கின்ற பிள்ளையைச் சட்டத்தோடு விளையாடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

"குறைந்த விலையில் பேசலாம்" என்று வருகின்ற இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். அங்கிருந்து எடுக்கின்ற கோல் இங்கே 07 நம்பரில் வந்து விழும். சட்டவிரோதமாக சிம் பெட்டி வைத்து அழைப்பைத் திருப்புகின்ற வேலை அது. சாதாரண வெளிநாட்டு அழைப்புக்கு 2004 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் தனி அறவீடு இருக்கிறது, அதை ஏய்ப்பதில்தான் அவர்களுக்கு இலாபம். "உங்கட ஐடென்டி கார்டில ரெண்டு சிம் எடுத்துத் தாங்க, காசு தாறம்" என்று யாராவது வந்தால் துரத்திவிடுங்கள். பொலிஸ் தேடி வருவது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

இதை விடப் பெரிய கவலை பணிப்பெண்ணாகப் போன உம்மாக்களைப் பற்றியது. ட்ரைவருக்கும் கடையில் நிற்பவருக்கும் ஒரு ரூம், ஒரு வைஃபை, ஒரு லீவு நாள் இருக்கும். வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்குப் போனைக் கையில் வைத்திருப்பதே கபிலின் மனதைப் பொறுத்த காரியம். சில வீடுகளில் போய் இறங்கிய அன்றே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்போது எந்த மலிவுச் செயலியும் உதவாது.

2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கின்ற தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாது, பெரிய பிள்ளை என்றால் யார் பார்ப்பது என்று எழுதிக் காட்ட வேண்டும். 2022 இல் அதைத் தளர்த்தினார்கள். அது சரியா பிழையா என்று வாதாட நமக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. போகின்ற தாய் பிள்ளையோடு எப்படி, எந்த நேரத்தில், யாருடைய போனில் பேசுவா என்ற கேள்வி மட்டும் நம் வீட்டிலும் எழவில்லை, பள்ளிவாசலிலும் எழவில்லை. ஏஜென்சியில் கையெழுத்து வைக்கின்ற நாளில் கணவர்மார் கேட்கின்ற முதல் கேள்வி முற்பணம் எவ்வளவு என்பது. போன் வைத்திருக்கலாமா, கிழமைக்கு எத்தனை முறை பேசலாம், அதை ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா என்று கேட்டால் வாய் வலிக்குமா?

போகுமுன் வீட்டு நம்பர் ஒன்றைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். இப்போது எல்லாம் போனுக்குள் பெயராகத்தான் கிடக்கிறது. போன் பறிபோனால் நம்பரும் போய்விடும். ஸூறா பாடமாக்கின மாதிரி ஒரு நம்பரையும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 ஐயும், இலங்கைக்கு எடுக்க 94 போட வேண்டும் என்பதையும் மனதில் போட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் உள்ளவர்களும் ஊரில் கடன்காரனுக்குப் பயந்து சிம்மை மாற்றித் திரியாதீர்கள். உம்மா பாடமாக்கிப் போன நம்பர் உயிரோடு இருக்க வேண்டும்.

நேர வித்தியாசத்தையும் சிந்தியுங்கள். சவூதி, குவைத், கட்டார் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து உம்மா போனைத் தொட்டால் இங்கே ஒன்றரை. அதற்காக விழித்திருந்த பிள்ளை அடுத்த நாள் முதலாம் பாடத்திலேயே மேசையில் தலையை வைக்கும். நாம் அடித்து எழுப்புவதா? இதற்கு வழி குரல் செய்தி. பிள்ளை பின்னேரம் ஓதினதை, ஸ்கூலில் பாடின பாட்டை, கூட்டாளியோடு பிடித்த சண்டையை இரண்டு நிமிடம் பேசி அனுப்பட்டும். உம்மா இரவில் கேட்பா. திருப்பித் திருப்பியும் கேட்பா. காலையில் அவவின் பதில் பிள்ளைக்கு இருக்கும். அந்தக் காலத்துக் கெசட்டுத்தான் இது, மிகக் குறைந்த செலவில்.

"பிள்ளைக்குப் போன் கொடுக்காதீங்க என்று நீங்கள்தானே கூட்டத்தில சொன்னீங்க" என்று சிலர் மடக்குகிறார்கள். கேம் விளையாடக் கொடுக்காதீர்கள் என்பதைத் தாயின் குரலைக் கேட்க விடாதீர்கள் என்று விளங்கிக்கொண்டால் நாங்கள் என்ன செய்வது? போனைப் பூட்டி வைத்துக்கொண்டு, உம்மாவோடு தானே பேசி, பிள்ளைக்குக் கடைசி அரை நிமிடம் கொடுக்கின்ற மாமிமாரும் வாப்பாமாரும் நம் ஊரில் இருக்கிறார்கள். சொல்லும்போது முகம் சுழிக்க வேண்டாம். வகுப்பில் "உம்மா என்ன சொன்னா?" என்று கேட்டால் "காசு அனுப்பிட்டாவாம்" என்று பிள்ளை சொல்கிறது. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

பள்ளி நிர்வாகத்தாரிடமும் ஒரு வார்த்தை. ஸ்பீக்கருக்கும் மின்விசிறிக்கும் வசூல் செய்கின்ற ஊர் இது. வீட்டில் ஸ்மார்ட் போன் இல்லாத, மூத்தம்மாவோடு வளர்கின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று மஹல்லாவில் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், பொறுப்பான ஒருவரின் மேற்பார்வையில், ஒரு போனும் ஒரு டேட்டா கார்டும் வைத்தால் அந்தப் பிள்ளைகள் பேசிவிடுவார்கள். அவ்வளவுதான் செலவு.

கீழே "மாஷா அல்லாஹ், நல்ல பதிவு" என்று போட வேண்டாம். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது வீட்டுப் போனையும் கொண்டு வாருங்கள். டேட்டா குறைக்கின்ற செட்டிங்கைப் போட்டு, குரல் செய்தி அனுப்புகின்ற விதத்தை மூத்தம்மாமாருக்கும் காட்டித் தருகிறோம். உம்மாவின் நம்பரைத் துண்டில் எழுதிக் கொண்டு வந்தால் போதும்.