படத்திலிருக்கும் தொழிலாளியின் பெயர் என்ன?

கூலி உயர்வுப் பேச்சுக்காகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தோம். வரவேற்பு அறையில் ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ. வெளிநாட்டு விவசாயக் கண்காட்சியொன்றில் செம்மறியாட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் காட்சி. முழங்கால்களுக்கிடையே ஆடு, கையில் கத்தரி, வில்லாய் வளைந்த முதுகு. வேலிக்கப்பால் கோட்டும் தொப்பியுமாகக் கனவான்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். படத்தின் கீழே ஊர்ப் பெயர் இருந்தது, ஆட்டின் ஜாதிப் பெயரும் இருந்தது. குனிந்திருந்தவன் பெயர் மட்டும் இல்லை.

சுவரில் படம் மாட்டுவதை நாம் குற்றம் சொல்லவில்லை. அழகு எல்லோருக்கும் வேண்டும். ஆனால் உழைக்கிறவன் முதுகு அலங்காரமாகும்போது, அந்த முதுகு பட்ட பாடு எங்கே போயிற்று என்று கேட்கிறோம். படம் சொல்லாததை நாம் சொல்வோம்.

ஆஸ்திரேலியாவில் ரோமம் கத்தரித்தவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. 100 ஆட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சரியாகக் கத்தரிக்கவில்லை என்று முதலாளிக்குத் தோன்றினால் ஆட்டின் மேல் காவிக்கல்லால் கோடு போடுவான். கோடு விழுந்த ஆட்டுக்குக் கூலி இல்லை. பீஸ் ரேட்டில் தைத்துவிட்டு, "ரிஜக்ட்" என்று ஒதுக்கியதைப் பார்த்து நிற்கும் நம் தோழர்களுக்கு இது புரியாத கதையா?

1890-ல் டாம் ராபர்ட்ஸ் தீட்டிய ரோமக் கொட்டகை ஓவியம் மெல்போர்ன் கலைக்கூடத்தில் இருக்கிறது. உலகமெங்கும் அதன் நகல்கள் சுவர்களில் தொங்குகின்றன. அது வெளிவந்த மறு வருஷமே, 1891-ல், குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் அந்தத் தொழிலாளர்கள் கத்தரியைக் கீழே வைத்தார்கள். சங்கத்தோடு பேசமாட்டோம், ஆளாளுக்குத் தனித்தனி ஒப்பந்தம்தான் என்றார்கள் பண்ணை முதலாளிகள். சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியது. பார்கால்டைன் என்ற சிற்றூரில் மே முதல் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள். தலைவர்கள் 13 பேருக்கு மூன்று வருஷக் கடுங்காவல். பசி வென்றது, வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் சங்கம் சாகவில்லை. எட்டு வருஷத்தில், 1899-ல், அதே குவீன்ஸ்லாந்தில் உலகின் முதல் தொழிற்கட்சி மந்திரிசபை அமைந்தது. ஒரு வாரமே நீடித்தாலும் அது ஏறிய நாற்காலியை முதலாளிகள் மறக்கவில்லை.

ஒரு குறையையும் மறைக்க வேண்டாம். அந்தச் சங்கம் சீனத் தொழிலாளரைச் சேர்க்க மறுத்தது. நிறம் பார்த்து ஐக்கியத்தை உடைத்த தவறு அது. இன்று நம் பக்கத்து மிஷினில் பீகாரும் ஒரிசாவும் உட்கார்ந்து தைக்கும்போது, அந்தத் தவறு நமக்குப் பாடமாக வேண்டும்.

1892-ல் ஜாக்கி ஹோ என்ற தொழிலாளி, கைக்கத்தரியால் 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தார். ஓர் ஆட்டுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அவர் அசைக்க முடியாத சங்கத்துக்காரர். கையில்லாத பனியனுக்கு இன்றும் ஆஸ்திரேலியாவில் "ஜாக்கி ஹோ" என்றே பெயர். திருப்பூர்த் தோழரே, நீங்கள் தைக்கும் அந்த உடுப்புக்கு ஒரு தொழிலாளியின் பெயர் இருக்கிறது! படத்திலிருந்தவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

நம் ஊர்ப் படங்கள் மட்டும் வேறா? கண்ணபுரம் சந்தையில் எடுத்த காங்கேயம் காளைப் படம் கொங்குச் சீமையில் எத்தனை கூடங்களில் தொங்குகிறது! காளையின் பெருமை தெரியும், பண்ணைக்காரர் பேரும் தெரியும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிற்கிறாரே, கூளம் போட்டுத் தண்ணி காட்டி வளர்த்த விவசாயத் தொழிலாளி, அவர் யார்? கொறங்காட்டில் வெயிலில் ஆடு மேய்க்கும் பெண்ணின் பேரை எந்தச் சட்டத்தின் கீழ் எழுதியிருக்கிறார்கள்?

வரலாற்றை முதலாளி வீட்டுச் சுவரில் விட்டுவைத்தால் அது அலங்காரமாகத்தான் இருக்கும். 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்களின் போட்டோக்கள் எத்தனை வீட்டுத் தகரப் பெட்டிகளில் மங்கிக் கிடக்கின்றன! அன்று கொடி பிடித்த இளைஞர்கள் இன்று கிழவர்கள். அவர்கள் போனபின் படத்திலிருப்பவர் யாரென்று சொல்ல ஆளிருக்காது.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு சங்கக் கிளையும் இந்த வேலையை உடனே கையிலெடுக்க வேண்டும். பழைய போட்டோக்களைத் தேடி எடுங்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பெயர், ஊர், செய்த வேலை மூன்றையும் எழுதுங்கள். பவர் டேபிளில் குனிந்த பெண்ணையும் கைமடித்த சிறுவனையும் விட்டுவிடாதீர்கள். சங்க அலுவலகச் சுவரில் மாட்டுங்கள்.

அன்று அந்த வரவேற்பு அறையிலிருந்து எழுந்து உள்ளே போனபோது, மேஜை மேல் நாம் வைத்த கோரிக்கைத் தாளில் தொழிலாளர் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தோம். அதுவும் கோரிக்கையின் ஒரு பகுதிதான்.