குப்பை யார் வாசலில்?

திருவனந்தபுரம்: மதிலோரம் பக்கத்து வீட்டார் வைத்துவிட்டுப் போன குப்பைப் பை, துர்நாற்றம் வீசும் உரத்தொட்டி, யாரும் தூர்வாராத ஓடை. நகரவாசிகளின் அன்றாட முணுமுணுப்புகள் இவை. அற்ப விஷயங்கள் என்று இவற்றை ஒதுக்கிவிடலாமா? கேரளத் தலைநகரின் கால் நூற்றாண்டு அனுபவம் வேறு பாடத்தைக் கற்பிக்கிறது.

திருவனந்தபுரம் மாநகராட்சியின் குப்பை 2000ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலை கிராமத்திலுள்ள ஆலைக்குச் சென்றது. கழிவுநீரும் நாற்றமும் தாங்காத மக்கள் போராடினர். 2011 டிசம்பரில் ஊராட்சி அந்த ஆலையை இழுத்துப் பூட்டியது. 2012இல் காவல்துறைப் பாதுகாப்புடன் அதைத் திறக்க நடந்த முயற்சிகளும் மக்களின் எதிர்ப்பால் பலிக்கவில்லை. நகரம் உண்ட மிச்சத்துக்குக் கிராமம் ஏன் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருந்தது.

அதன்பின் மாநகராட்சி தேர்ந்த வழி, மக்கும் குப்பையை உருவாகும் இடத்திலேயே உரமாக்குவது. வீடுகளுக்கு உரத்தொட்டிகளும் குழாய் உரக்கலன்களும் வந்தன. மக்காத குப்பையைச் சேகரிக்க ஹரித கர்ம சேனைப் பெண்கள் வாசலுக்கு வருகின்றனர். கொள்கை சிறந்ததே. ஆனால் உரத்தொட்டி, வாங்கி வைத்தால் தானே இயங்கும் கருவியல்ல. ஈரம் மிகாமல் தென்னைநார்த் துகள் இட வேண்டும், கிளறிவிட வேண்டும், நிறைந்ததும் மாற்ற வேண்டும். தவறினால் புழு நெளியும், நாற்றம் எழும், அண்டை வீட்டாருடன் சண்டை மூளும். முற்றமில்லாத அடுக்குமாடிவாசிக்கும், அடிக்கடி வீடு மாறும் வாடகைதாரருக்கும் இது கூடுதல் சுமை. கைவிடப்பட்ட தொட்டிக்கு மாற்றாக, இரவில் சாலையோரமோ ஓடையோ குப்பைத் தொட்டியாகிறது.

அப்படி எறியப்பட்டவை எங்கே சேர்ந்தன என்பதை 2024 ஜூலை 13 காட்டியது. மத்திய ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மலைபோல் குவிந்த குப்பையினூடே மீட்புப் படையினர் தேடினர். மூன்றாம் நாள் உடல்தான் கிடைத்தது. அதற்குள்ளாகவே, கால்வாயைத் தூய்மை செய்வது ரயில்வேயின் கடமையா, மாநகராட்சியின் கடமையா என்ற வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில், திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்தின் மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தது அம்பலமானது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே கேரளம் லாரிகளை அனுப்பி அவற்றைத் திரும்ப எடுத்துச் சென்றது.

கிராமம், தொழிலாளி, அண்டை மாநிலம் என மூன்று நிகழ்வுகளிலும் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. குப்பை அழிவதில்லை; குரல் குறைந்தவரின் வாசலுக்கு இடம் மாறுகிறது. மக்களின் பொறுப்பின்மையே காரணம் என்று சொல்வது எளிது. அது பாதி உண்மைதான். தொட்டியை வழங்கும் அரசு, அதைப் பராமரிக்க ஆளையும் அமர்த்த வேண்டும். கால்வாய் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அதிகாரி யார் என்பது விபத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். கழிவு ஏற்றிய லாரி எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை எல்லையின் இருபுறமும் சரிபார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும் தமிழகமும் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. சென்னையின் குப்பையைப் பல பத்தாண்டுகள் சுமந்த பெருங்குடியும் கொடுங்கையூரும் அதற்குச் சாட்சி. நடுக்கல்லூருக்காக எழுந்த நியாயமான கோபம், கொடுங்கையூருக்காகவும் எழ வேண்டும். அப்போதுதான் அது மாநிலப் பகையாகக் குறுகாமல், உரிமைக் குரலாக நிற்கும்.