பழைய அடுக்குமாடி வீடு வாங்கலாமா?

பணி ஓய்வின்போது கைக்கு வரும் சேமநிதியைக் கொண்டு சொந்தமாக ஒரு வீடு வாங்க வேண்டுமென்பது நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றின் நெடுநாள் விருப்பம். முப்பது ஆண்டுகள் வாடகை வீடுகளில் காலங்கழித்த ஆசிரியரும் எழுத்தரும் செவிலியரும் சென்னை நகருக்குள் தனி வீட்டை நினைத்துப் பார்க்கவும் இயலாது. புறநகரில் எழும் புதிய அடுக்ககங்களோ கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் இல்லங்களுக்கும் எட்டாத தொலைவில் நிற்கின்றன. ஆகவே 1980-களிலும் 1990-களிலும் நகருக்குள் கட்டப்பட்ட மூன்று மாடிக் கட்டடங்களை அவர்கள் நாடுகின்றனர். விலை சற்றுக் குறைவு. திருப்பலிக்கு நடந்தே செல்லலாம். வாங்கலாமா, கூடாதா என்று நம்மிடம் கேட்போர் பலராதலின், இம்மாதம் அதனை எண்ணிப் பார்ப்போம்.

அடுக்குமாடியில் நாம் விலைகொடுத்து வாங்குபவை இரண்டு. ஒன்று, நான்கு சுவர்களுக்குட்பட்ட வீடு. மற்றொன்று, அக்கட்டடம் நிற்கும் மனையில் நமக்குரிய பிரிபடாத பாகம். வீடு ஆண்டுதோறும் தேய்கிறது, மனை தேய்வதில்லை. பழைய வீட்டின் மேன்மை பெரிதும் இவ்விரண்டாவதிலேயே அடங்கியிருக்கிறது.

இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில், 900 சதுர அடி கொண்ட எட்டு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வீட்டிற்கும் 600 சதுர அடி மனைப் பாகம் வரும். இன்று எழும் உயர்மாடிக் கட்டடங்களுக்கு மனைப்பரப்பைப்போல் 3.25 மடங்கு வரை கட்ட விதிகள் இடந்தருகின்றன. அந்த அளவிற்குக் கட்டப்பட்ட ஒன்றில் அதே 900 சதுர அடி வீட்டிற்குரிய பாகம் ஏறத்தாழ 277 சதுர அடியே. புதிய வீட்டின் பளிங்குத் தரையைக் கண்டு மயங்குவோர் இவ்வேறுபாட்டைக் கேட்டறிவதே இல்லை.

ஆயினும் அப்பாகம் பத்திரத்தில் உள்ளவாறே உண்மையிலும் உள்ளதா? அக்காலத்தில் பல இடங்களில் மனைப் பாகத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு, வீட்டைக் கட்டித் தருவதற்குத் தனியே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது வழக்கமாயிருந்தது. அவ்வொப்பந்தம் இன்று விற்பவரிடம் உள்ளதா என்று கேட்க வேண்டும். எட்டு வீட்டாரின் பாகங்களையும் கூட்டினால் மனையின் மொத்தப் பரப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டியவர் மொட்டைமாடியின் பேரில் ஒரு பகுதியைத் தமக்கென நிறுத்திக்கொண்டிருப்பதும் உண்டு. தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, பட்டா, அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றை, விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞரிடமன்றி, நாமே தேடிக்கொண்ட வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதே முறை. வரைபடத்தில் மூன்று மாடியும் நேரில் நான்கு மாடியுமாக நிற்கும் கட்டடங்கள் நகரில் இல்லாமலில்லை.

இனிக் கட்டடத்தின் வயது. புதியது உறுதி, பழையது ஆபத்து என்று எளிதில் முடிவு கட்டிவிட இயலாது. 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மௌலிவாக்கத்தில் சரிந்து அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பதினொரு மாடிக் கட்டடத்தில் அதுவரை எவரும் குடியேறியிருக்கவில்லை. மாறாக, 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் திருவொற்றியூரில் அரசுக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து வீழ்ந்தபோது ஓர் உயிரும் போகவில்லை. விரிசலைக் கண்ட குடியிருப்போர் முன்னரே வெளியேறியிருந்தனர். பழைய கட்டடம் பெரும்பாலும் தன் நோயை வெளியில் காட்டிவிடுகிறது. காணும் கண் வேண்டும்.

கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக்காற்று கான்கிரீட்டினுள் இருக்கும் கம்பியைத் துருவேற்றுகிறது. துருவேறிய கம்பி பருத்து, மேலிருக்கும் காரையைப் பிளந்து தள்ளுகிறது. ஆதலால் விற்பவர் புதிதாக வண்ணம் பூசி வைத்திருக்கும் கூடத்தைப் பார்ப்பதில் பயனில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் தூண்களின் அடிப்பாகம், பால்கனியின் கீழ்ப்புறம், குளியலறையின் மேற்கூரை, மொட்டைமாடித் தொட்டி நிற்கும் இடம் ஆகியவற்றையே காண வேண்டும். பழைய இரும்புக் குழாய்களும் மின்கம்பிகளும் மாற்றப்பட்டனவா என்றும் வினவ வேண்டும். ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துச் செல்வதற்கு ஆகும் தொகை, போடப்போகும் முதலை நோக்க மிகச் சிறிது.

லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்டப் புகுந்தவன் செலவைக் கணக்கிடாத உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பழைய வீட்டின் செலவு விலையோடு முடிவதில்லை. புதிய கட்டடம் கட்டி முடியுமுன் வாங்குவோர் செலுத்தும் சரக்கு மற்றும் சேவை வரி இதற்கில்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. குழாய், மின்கம்பி, கழிவறை ஆகியவற்றின் பழுதுபார்ப்பு வேறு. வங்கியும் கட்டடத்தின் வயதையும் கடன் பெறுபவரின் வயதையும் சேர்த்தே எடைபோடும். தவணைக்காலம் குறுகினால் மாதத் தொகை ஏறும். சேமநிதி முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு, மருத்துவச் செலவிற்கு மகனிடம் கையேந்த நேருமாயின், அவ்வீட்டை வாங்காதிருப்பதே நன்று.

நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. எட்டு வீட்டுக் கட்டடத்தை வாங்குபவர் ஏழு குடும்பங்களோடு உறவு பூணுகிறார். குடியிருப்போர் சங்கம் பதிவு பெற்றதா? கடந்த மூன்றாண்டுக் கணக்கும் கூட்டக் குறிப்பேடும் உள்ளனவா? பெரும் பழுதுகளுக்கென நிதி சேர்த்திருக்கிறார்களா? எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, எத்தனை வீடுகளின் உரிமையாளர்கள் அயல்நாட்டில் இருக்கின்றனர்? மொட்டைமாடியில் ஒழுகும் நீரை நிறுத்த ஆளுக்கொரு தொகை கேட்டால் மேல்தளத்தார் மட்டுமே கொடுக்கும் கட்டடத்தில், சுவர் எவ்வளவு உறுதியாயிருந்தாலும் அமைதி இராது.

1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்திற்கு மாற்றாகத் தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாக எழுப்ப வழி செய்துள்ளது. ஒருவரின் பிடிவாதத்தால் எழுவர் இடர்ப்படும் நிலை இதனால் நீங்குகிறது. மனைப் பாகம் மிகுதியாயுள்ள பழைய வீட்டின் மதிப்பும் உயர்கிறது. ஆனால் இதற்கு மற்றொரு முகமும் உண்டு. எட்டு வீட்டில் அறுவர் இசைந்துவிட்டால், கீழ்த்தளத்தில் கணவரின் ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டி என்ன செய்வார்? புதிய கட்டடம் முடியும்வரை அவர் எங்கே குடியிருப்பார், வாடகையை எவர் தருவார், மூட்டை முடிச்சுகளை எவர் சுமப்பார்? இவை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை. அவற்றை எழுதச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் மற்ற ஏழு வீட்டாரே. அறுபது வயதில் இவ்வீட்டை வாங்குபவர், எழுபதில் அம்மூதாட்டியின் இடத்தில் தாமே இருக்கக்கூடும் என்பதையும் எண்ண வேண்டும்.

இத்தகைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. முன்பணம் கொடுக்குமுன், ஐப்பசி அல்லது கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள், வீட்டிலுள்ள முதியவரையும் அழைத்துச் சென்று மாடிப்படிகளை ஏறிப் பாருங்கள். திரும்பி வருகையில் தரகரை அனுப்பிவிட்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, கோடையில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேளுங்கள்.