கேக்கின் மேல் வந்த களாக்காய்

சென்ற வாரம் எங்கள் வீட்டில் பேத்திக்கு ஆறு வயது நிறைந்தது. கடையிலிருந்து கேக் வந்தது. வெள்ளை வெளேரென்ற பூச்சு. அதன் மேல் மாணிக்கம் பதித்த மாதிரி ஏழெட்டுச் சிவப்புப் பழங்கள். குழந்தைகளுக்குள் சண்டை, கேக்குக்காக அல்ல, அந்தப் பழத்துக்காக. "எனக்குச் செர்ரி! எனக்குச் செர்ரி!" என்று வீடு அமர்க்களப்பட்டது.

மத்தியஸ்தம் செய்யப் போன எனக்கும் கூலியாக ஒன்று கிடைத்தது. வாயில் போட்டேன். முதலில் சர்க்கரை, பிறகும் சர்க்கரை, கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு புளிப்பு. பல்லில் தட்டையாக ஒரு சின்ன விதை அகப்பட்டது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று ஒரு கணம் யோசித்தேன். அடையாளம் தெரிந்துவிட்டது!

ஆம், சகோதரிகளே! அது செர்ரி அல்ல. சாக்ஷாத் நம் களாக்காய்!

அசல் செர்ரி காஷ்மீரம், இமாசலப் பிரதேசம் போன்ற குளிர்ந்த இடங்களில் விளைவது. அதற்குள் ஒரே ஒரு உருண்டைக் கொட்டை இருக்கும். களாவுக்குள்ளோ சின்னஞ்சிறு தட்டை விதைகள் சில. களாக்காயின் விதையை எடுத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்தால் 'செர்ரி' தயார். பன்னிலும் ஐஸ்கிரீமிலும் நாம் செர்ரி என்று ருசித்துச் சாப்பிடுவதில் பல, இப்படி வேஷம் கட்டிய களாதான்.

களாக்காய் சாப்பிடக் கூடாத வஸ்து என்று நான் சொல்ல வரவில்லை. என் மனத்தாங்கல் வேறு. நம் ஊர்க் காய் விருந்து மேஜைக்கு வர வேண்டுமானால், பெயரை மாற்றிக்கொண்டுதானா வர வேண்டும்?

களாச் செடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ, என்னவோ. செங்கல்பட்டுப் பக்கத்துப் பாறைக் குன்றுகளிலும், மலையடிவாரத்து வறண்ட காடுகளிலும் புதர் புதராக வளர்வது. கணுவுக்குக் கணு ஜோடி முள். சில முட்களின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். கிளையைக் கிள்ளினால் பால் வடியும். அரளியின் தாயாதி அல்லவா! ஆனால் பூவைப் பார்த்தால் மல்லிகையோ என்று மயங்குவீர்கள். அப்படி ஒரு வெண்மை, அப்படி ஒரு மணம். காய் முதலில் பச்சை, அப்புறம் சிவப்பு, நன்றாகப் பழுத்தால் கறுப்பு.

இந்தக் களாவைத் தலையில் சூடிய ராஜா ஒருவன் உண்டு. களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்று அவனுக்குப் பெயர். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் காப்பியாற்றுக் காப்பியனார் பாடியிருப்பது அவனைத்தான். முடிசூடும் சமயத்தில் தகுந்த கண்ணியும் முடியும் கிடைக்கவில்லை என்றும், அதனால் களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்து சூடிக்கொண்டான் என்றும் பழைய உரைகாரர் சொல்கிறார். அவன் வெட்கப்படவில்லை. களங்காயைத் தன் பெயரோடு சேர்த்தே வைத்துக்கொண்டான். நாம்தான் அதைச் செர்ரி என்கிறோம்!

பிறந்த நாளுக்கு மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன். நடைபாதையில் ஒரு கிழவி, கூடை நிறையப் பச்சைக் களாக்காயுடன் உட்கார்ந்திருந்தாள்.

"படி என்ன விலை, பாட்டி?"

"எழுவது ரூபா, தாயி."

"ஐம்பதுக்குக் கொடேன். காட்டில் சும்மா கிடைப்பதுதானே!"

கிழவி பதில் பேசாமல் இரண்டு கைகளையும் நீட்டினாள். முழங்கை வரையில் கீறல்கள். பழையதின் மேல் புதியது.

"சும்மாத்தான் கெடைக்குது, தாயி. முள்ளும் சும்மாத்தான் கெடைக்குது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் கேக்குக்குக் கடைக்காரர் கேட்ட தொகையை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தவள் நான். அதன் உச்சியில் இருந்த அதே காய்க்கு இங்கே இருபது ரூபாய் குறைக்கச் சொல்கிறேன்!

கேட்டதைக் கொடுத்தேன். அளந்து போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "போன வருசம் வரைக்கும் நடந்து போற தூரத்திலேயே பறிச்சேன். இப்போ அங்கே கல்லு நட்டு மனை போட்டுட்டாங்க. ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வரேன்."

முட்காடு என்றால் நமக்கு இளப்பந்தான். 'வெறும் புதர், வெட்டி எறி' என்கிறோம். ஆனால் அந்தப் புதரின் பழத்தைத் தின்று கொண்டைக்குருவி நாலு இடத்தில் விதை போடுகிறது. முள்ளுக்கு நடுவே ஆட்டின் வாய்க்குத் தப்பி, வேறு மரங்களின் கன்றுகளும் தலைதூக்குகின்றன. பாறை இடுக்கில் இருக்கும் கொஞ்ச மண்ணையும் மழை அடித்துக்கொண்டு போகாமல் வேர் பிடித்து வைக்கிறது. வெட்டி எறிந்தால் கிழவியின் கூடையும் காலி. குருவியின் கூடும் காலி.

இனி சமையலறைக்கு வருவோம். களாக்காயைக் கழுவித் துடைத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாக நறுக்குங்கள். இல்லாவிட்டால் பால் பிசுக்குப் பிடிக்கும். விதையை நெம்பி எடுத்துவிட்டு, உப்பும் மஞ்சள்பொடியும் போட்டுக் குலுக்கி இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு மிளகாய்ப்பொடி, வறுத்துப் பொடித்த கடுகு, வெந்தயம் சேர்த்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள். மோர்சாதத்துக்கு இதற்கு ஈடு கிடையாது. பழமாகக் கிடைத்தால் ஜெல்லி செய்யலாம். தானாகவே நன்றாக உறையும்.

நான் நறுக்கிக்கொண்டிருந்தபோது பேத்தி வந்து ஒரு துண்டை உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள். முகம் அஷ்டகோணலாயிற்று. உடனே இன்னொரு துண்டுக்குக் கை நீண்டது!

"பாட்டி, இதுதான் அந்தச் செர்ரியா?" என்று கேட்டாள்.

"இல்லை, கண்ணே. அதுதான் இந்தக் களா" என்றேன்.

அடுத்த முறை நடைபாதையில் களாக்காய்க் கூடையைக் கண்டால், அதன் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், சகோதரிகளே. பேரம் பேச வாய் வந்தால், விற்பவளின் கையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.