மண்கலமும் காட்சிச்சாலையும்

காட்சிச்சாலை என்றதும் மன்னர்தம் வாளும் காசுமே மாணவர் நினைவில் தோன்றும். உழவர் வீட்டுப் பானைக்கு ஆங்கு இடம் உண்டோ என எவரும் எண்ணுவதில்லை. ஆயினும், 2023ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகத்திற்குப் பெருமை சேர்ப்பவை ஆதன் முதலிய பெயர்கள் கீறப்பெற்ற பானை ஓடுகள் அல்லவோ? பழம்பானையைப் போற்றுவோர் இன்றைய பானையைப் புறக்கணித்தல் முறையன்று.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஏரி மண்ணெடுத்துக் கலம் வனைவோர் இன்றும் உளர். சக்கரத்தினின்று அறுத்தெடுக்கும் பானைக்கு அடி இராது. சற்று உலர்ந்தபின், உட்புறம் கல்லை அணைத்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடுவர். எத்துணை ஈரத்தில் தட்டவேண்டும் என்பது கை அறிந்த கணக்கு. கண்ணாடிப் பேழையுள் வைத்த பானை அதனைச் சொல்லாது. நெகிழிக் குடம் பரவியபின் இளையோர் பலர் இத்தொழிலைக் கற்பதுமில்லை.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திரா இக்குறையை உணர்ந்து செயற்படுகிறது. அங்கே பழைய வீடுகளைக் காண்பதோடு, சிறுவர் தாமே களிமண்ணைத் தொட்டு வனைந்தும் பார்க்கலாம். சேலத்து அரசு அருங்காட்சியகத்திலும் இவ்வாறு செய்யலாகாதா? பெருஞ்செலவு வேண்டா. ஒரு சக்கரமும், திங்கள்தோறும் வந்து வனைந்து காட்டும் முதியவர் ஒருவரும் போதும். அவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், அன்றன்றே உரிய கூலி தருதல் வேண்டும்.